இடத்தை விற்பதா, ஆளை விற்பதா?

2018 மே 25 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த நாட்களில் அமெரிக்காவின் யுஎஸ்ஏ டுடே நாளிதழ் ஐரோப்பிய வாசகர்களுக்கென்று தனித் தளம் ஒன்றைத் திறந்தது. வாசகரைப் பின்தொடரும் நிரல்களையெல்லாம் அதிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். அமெரிக்கப் பதிப்பின் முகப்பு 5 எம்பிக்கு மேல் இருந்தது. ஐரோப்பியப் பதிப்பு அரை எம்பிதான். முன்னதில் 124 ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள், பின்னதில் ஒன்றுகூட இல்லை. செய்தி படிக்க வந்தவருக்கு இரண்டிலும் செய்தி கிடைத்தது. வழக்கமாக இறங்கிவந்த சுமையில் பத்தில் ஒன்பது பங்கு அவருக்காக வந்ததல்ல என்பது அன்று வெளிப்படையாகத் தெரிந்தது.

நிரல் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் அந்த ஒன்பது பங்கைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அது யாருக்காக வருகிறது? அது இல்லாமல் இணையம் நடக்காதா? விளம்பரம் இல்லையென்றால் இலவச இணையம் இல்லை என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். இந்த வாதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. விளம்பரம் வேண்டுமா என்பது ஒன்று. விளம்பரத்துக்காக ஆளைப் பின்தொடர வேண்டுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு என் பதில், வேண்டும். சந்தா கட்ட முடியாதவர்களுக்கும் செய்தி போய்ச் சேர வேறு வழி குறைவு. இரண்டாவதற்கு, வேண்டாம். வெறும் வெறுப்பில் இப்படிச் சொல்லவில்லை. இதுவரை வந்த ஆய்வுகள், வழக்குகள், நிறுவனங்களின் சொந்தக் கணக்குகள் ஆகியவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அவை பெரும்பாலும் அந்தப் பக்கமே சாய்கின்றன.

ஒரு டீஃபால்ட்டின் கதை

1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்டு என்ற இணைய இதழ் முதல் பேனர் விளம்பரங்களை வெளியிட்டது. ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்தின் பேனர் அவற்றில் புகழ்பெற்றது. பக்கத்தின் இந்த இடம், இத்தனை நாளுக்கு, இத்தனை டாலர் என்று அச்சிதழ்களின் முறைப்படியே விற்றார்கள். படிப்பவர் யார் என்று பேனருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

அதே ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மோன்டுல்லி என்ற இளம் நிரலாளர், ஒரு தளம் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பான குக்கீயை உருவாக்கினார். இணையக் கடையில் வாடிக்கையாளர் கூடையில் போட்ட பொருளை அடுத்த பக்கத்திலும் நினைவில் வைத்திருக்க ஒரு வழி தேவைப்பட்டது. ஒவ்வொரு பிரவுசருக்கும் நிரந்தர அடையாள எண் கொடுத்துவிட்டால் வேலை எளிதாக முடிந்திருக்கும். ஆனால் அப்படிச் செய்தால் எல்லாத் தளங்களும் சேர்ந்து ஓர் ஆளைப் பின்தொடர முடியும் என்று அவர் அதைத் தவிர்த்தார். எந்தத் தளம் குக்கீயை வைத்ததோ அந்தத் தளத்துக்கு மட்டுமே அது திரும்பிப் போகும்படி அமைத்தார். நல்ல வடிவமைப்பு. ஆனாலும் ஒரு சந்து இருந்தது. ஒரு பக்கத்துக்குள் வேறொரு சர்வரிலிருந்து படம் வந்தால், அந்தச் சர்வரும் தன் குக்கீயை வைக்கலாம். ஆயிரம் தளங்களில் ஒரே விளம்பர சர்வரின் படம் இருந்தால், ஆயிரம் இடங்களிலும் அதே ஆள் வந்து போவதை அந்தச் சர்வர் பார்க்கும்.

இந்தச் சந்து அப்போதே கண்ணில் பட்டுவிட்டது. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐ.ஈ.டி.எஃப். அமைப்பு 1997 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 2109 என்ற ஆவணத்தை வெளியிட்டது. பயனர் கேட்டாலொழிய இப்படிப்பட்ட மூன்றாம் தரப்பு குக்கீகளை பிரவுசர் ஏற்கக் கூடாது என்பது அதன் சாரம். நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாஃப்டும் அதைச் செயல்படுத்தவில்லை. அதற்குள் டபுள்கிளிக் போன்ற விளம்பர நிறுவனங்கள் அந்தச் சந்தின் மேல் தொழிலே கட்டி முடித்திருந்தன. இந்த வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது இந்த இடம்தான். பல கோடி மக்கள் அடுத்த கால் நூற்றாண்டு எப்படிக் கண்காணிக்கப்படுவார்கள் என்பதை எந்த நாடாளுமன்றமும் விவாதித்து முடிவுசெய்யவில்லை. பயனர் மாற்றாதவரை தானாக இருக்கும் பிரவுசரின் ஒரு டீஃபால்ட் அமைப்பு முடிவுசெய்தது. எச்சரித்தவர்களும் நிரலாளர்கள், ஒதுக்கித் தள்ளியவர்களும் நிரலாளர்கள்.

பிறகு நடந்தவை படிப்படியாக நடந்தன. 1999-ல் டபுள்கிளிக், அபாகஸ் டைரக்ட் என்ற நிறுவனத்தை வாங்கியது. அபாகஸிடம் அமெரிக்கக் குடும்பங்கள் அஞ்சல்வழி என்னென்ன வாங்கின என்ற விவரம் பெயர், முகவரியோடு இருந்தது. பெயரில்லாத குக்கீயையும் பெயருள்ள அந்தப் பட்டியலையும் இணைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கடும் எதிர்ப்பு எழுந்தது. 2000-ல் திட்டத்தைக் கைவிட்டார்கள். 2007-ல் டபுள்கிளிக்கை வாங்கப் போவதாக கூகுள் அறிவித்தது. விலை 310 கோடி டாலர். டபுள்கிளிக்கின் உலாவல் தகவலைப் பயனரின் சொந்த விவரங்களோடு ஒப்புதல் இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்ற வரி கூகுளின் தனியுரிமைக் கொள்கையில் இருந்தது. 2016-ல் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். 2000-ல் ஊரே எதிர்த்து நிறுத்திய ஒன்று, பதினாறு ஆண்டு கழித்துக் கொள்கைப் பக்கத்தில் ஒரு திருத்தமாக வந்து சேர்ந்தது.

பத்தில் ஒரு நொடி ஏலம்

இன்று ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பெரும்பாலான வாசகர்களுக்கு இது தெரியாது. தெரிந்தால் ஏற்க மாட்டார்கள்.

பக்கம் திறந்ததும் அதிலுள்ள விளம்பர நிரல் ஓர் ஏல அழைப்பைத் தயாரிக்கிறது. நீங்கள் எந்தக் கட்டுரையைத் திறந்தீர்கள், உங்கள் ஐ.பி. முகவரி, போனின் மாடல், ஏறத்தாழ எங்கே இருக்கிறீர்கள், உங்களை அடையாளம் காட்டும் எண் ஆகியவை அதில் இருக்கும். விளம்பரச் சந்தை அந்த அழைப்பைப் பல நிறுவனங்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்புகிறது. ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள பழைய தகவலோடு ஒப்பிட்டு விலை கேட்கிறது. பத்தில் ஒரு நொடியில் ஏலம் முடிந்து, வென்றவரின் விளம்பரம் திரையில் வருகிறது. பொறியியலாகப் பார்த்தால் இது பெரிய சாதனை. இவ்வளவு வேகமாக, இவ்வளவு பெரிய அளவில் இயங்கும் அமைப்புகள் உலகில் மிகச் சில.

ஆனால் ஏலத்தில் தோற்றவர்களுக்கும் அழைப்பு போய்விட்டது. அவர்கள் விளம்பரத்துக்குக் காசு கொடுக்கவில்லை. தகவல் மட்டும் கையில் வந்துவிட்டது. அதை அழித்துவிடுங்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம், நிரலால் தடுக்க முடியாது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024 டிசம்பரில் மொபைல்வாலா என்ற தரவு நிறுவனத்தின் மேல் எடுத்த நடவடிக்கை இதைத்தான் காட்டியது. ஏலத்தில் வெல்லாதபோதும் அழைப்புகளில் வந்த இருப்பிட விவரங்களைச் சேர்த்து வைத்து விற்றது என்பது குற்றச்சாட்டு. அயர்லாந்தின் குடிமை உரிமைகள் கழகம் 2022-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அமெரிக்கர் ஒருவரைப் பற்றிய விவரம் இப்படி நாளுக்குச் சராசரியாக 747 முறை வெளியே போகிறது. ஐரோப்பியருக்கு 376 முறை. மருத்துவம், மதம், கடன் பற்றி அவர் படித்த பக்கங்களின் முகவரியும் அவற்றில் அடங்கும்.

இவ்வளவுக்குப் பிறகு பணமாவது இதழுக்கு முழுதாகப் போய்ச் சேருகிறதா? பிரிட்டிஷ் விளம்பரதாரர் சங்கமும் பிடபிள்யூசி கணக்காய்வு நிறுவனமும் 2020-ல் ஓர் ஆய்வு வெளியிட்டன. பெரிய விளம்பரதாரர்களும் பெயர்பெற்ற இதழ்களும் ஒத்துழைத்த ஆய்வு அது. விளம்பரதாரர் கொடுத்த ஒவ்வொரு பவுண்டிலும் இதழ்களுக்குக் கிடைத்தது 51 சதவீதம். மீதி இடைத்தரகர்களுக்கு. அதிலும் மொத்தத் தொகையில் 15 சதவீதம் எங்கே போயிற்று என்று கணக்காய்வாளர்களாலேயே சொல்ல முடியவில்லை. எல்லா ஏலத்துக்கும் பதிவு வைத்திருக்கும் கணினி அமைப்பில் ஏழில் ஒரு பங்கு பணத்துக்குத் தடயமில்லை என்றால், தடயம் இல்லாதிருப்பது யாருக்கோ வசதியாக இருக்கிறது.

போலிகளும் இங்கேதான் விளைகின்றன. மெத்பாட் என்ற மோசடியை 2016-ல் கண்டுபிடித்தார்கள். அமெரிக்க நீதித்துறையின் வழக்குப்படி, டல்லஸ் முதலிய இடங்களில் 1,900-க்கும் மேற்பட்ட சர்வர்களை வாடகைக்கு எடுத்து, மனிதர் உட்கார்ந்து விளம்பர வீடியோ பார்ப்பதுபோல் நடிக்கும் நிரல்களை ஓடவிட்டார்கள். சுட்டெலியை நகர்த்துவது, பக்கத்தை உருட்டுவது, சமூக வலைதளத்தில் உள்நுழைந்திருப்பதுபோல் காட்டுவது எல்லாமே நிரல். 5,000-க்கும் மேற்பட்ட தளங்களின் பெயரில் 70 லட்சம் டாலருக்கு மேல் சுருட்டினார்கள். முக்கியக் குற்றவாளிக்கு 2021-ல் 10 ஆண்டு சிறை கிடைத்தது. இந்த மோசடிக்குக் காரணம் காவல் குறைவு மட்டுமல்ல என்பது என் கருத்து. ஊரறிந்த ஒரு நாளிதழின் முதல் பக்கத்தை யாரும் போலியாகச் செய்து அதே விளம்பரதாரரிடம் நேரில் விற்க முடியாது. ஆனால் ‘முப்பது வயது, கார் வாங்க நினைக்கிறவர்’ என்ற எண்ணை எந்தச் சர்வரும் ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்துவிடும். சரக்கே ஓர் எண்ணாக மாறியபோது போலிச் சரக்கு வருவதைத் தடுக்க வழியில்லாமல் போயிற்று.

பலன் உண்டா?

ஆய்வாளர்கள் ஒத்துப்போகாத இடம் இது. இரு தரப்பையும் சொல்ல வேண்டும்.

குக்கீ இருந்தால் இதழ்களின் வருமானம் எவ்வளவு கூடுகிறது என்று மரோட்டா, அபிஷேக், அக்விஸ்டி ஆகியோர் 2019-ல் ஒரு பெரிய ஊடக நிறுவனத்தின் கணக்கைக் கொண்டு ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ 4 சதவீதம் என்று கண்டார்கள். அதே ஆண்டு கூகுள் தன் ஆய்வை வெளியிட்டது. மூன்றாம் தரப்பு குக்கீயை எடுத்தால் பெரிய இதழ்களின் வருமானம் சராசரியாக 52 சதவீதம் குறையும் என்றது. பிரிட்டனின் போட்டி ஆணையம் 2020-ல் கூகுளின் தரவைப் பார்த்து, குறுகிய காலத்தில் 70 சதவீதம்வரை குறையலாம் என்றது. 4 எங்கே, 70 எங்கே?

இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம் சோதனையின் அமைப்பில் இருப்பதாக எனக்குப் படுகிறது. கூகுளின் சோதனையில் சில வாசகர்களுக்கு மட்டும் குக்கீயை நிறுத்தினார்கள், மற்றவர்களுக்கு இருந்தது. அடையாளம் தெரிந்த வாசகரும் தெரியாத வாசகரும் ஒரே ஏலத்தில் நின்றால் விளம்பரதாரர் தெரிந்தவரிடமே பணத்தைக் கொட்டுவார். யாருக்குமே குக்கீ இல்லையென்றால் அதே பணம் எங்கே போகும் என்பதை அந்தச் சோதனையால் சொல்ல முடியாது.

நடைமுறையில் முழுவதுமாக நிறுத்திப் பார்த்தவர்கள் உண்டு. நியூயார்க் டைம்ஸ் 2018-ல் ஐரோப்பாவில் ஆளைப் பின்தொடரும் விளம்பரங்களை நிறுத்திவிட்டு, இடத்தையும் கட்டுரையின் பொருளையும் மட்டும் விற்றது. அங்கே அதன் விளம்பர வருமானம் குறையவில்லை. நெதர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.பி.ஓ. 2020 தொடக்கத்தில் பின்தொடரும் குக்கீகளை அறவே நீக்கியது. ஜனவரி, பிப்ரவரி இரு மாதங்களிலும் இணைய விளம்பர வருமானம் முந்தைய ஆண்டைவிட உயர்ந்தே இருந்தது. இரண்டுமே பெயர்பெற்ற, விளம்பரதாரர் தேடி வரும் நிறுவனங்கள் என்பதை மறுக்கவில்லை. சிறு இதழுக்கும் இதுவே நடக்கும் என்று இவற்றைக் கொண்டு உறுதி சொல்ல முடியாது. முடியாத காரியம் அல்ல என்பதற்கு மட்டும் இவை போதும்.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா. ஆப்பிள் 2021 ஏப்ரலில், ஒரு செயலி மற்றச் செயலிகளில் பயனரைப் பின்தொடர வேண்டுமானால் முதலில் அவரிடம் கேட்க வேண்டும் என்று ஐபோனில் விதி கொண்டுவந்தது. கேட்டதும் பெரும்பாலோர் மறுத்தார்கள். 2022-ல் இதனால் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று மெட்டாவே சொன்னது. ஆளைப் பின்தொடர்வதற்குச் சந்தையில் மதிப்பு உண்டு என்பதை இது காட்டுகிறது. வீட்டிலிருந்து சேலையோ சோப்போ விற்கும் சிறு வணிகர், தன்னிடம் வாங்கக்கூடிய ஐந்நூறு பேரைக் கண்டுபிடிக்க இந்தக் கருவிகள் உதவின என்றால் அதையும் நான் நம்புகிறேன். ஆனால் அந்த மதிப்பு மக்களிடம் கேட்காமல் எடுத்ததால் வந்தது. கேட்டபோது அவர்கள் கொடுக்கவில்லை.

விளம்பரதாரருக்குக் கிடைக்கும் பலனும் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. ஈபே நிறுவனத்தில் பணியாற்றிய பொருளாதார அறிஞர்கள் 2012-ல் ஒரு துணிச்சலான சோதனை செய்தார்கள். ‘ஈபே’ என்று தேடுபவருக்குக் காட்டும் தேடல் விளம்பரத்தையே நிறுத்திப் பார்த்தார்கள். இழந்த வருகையில் 99.5 சதவீதம், காசு கொடுக்காத சாதாரண இணைப்பின் வழியாகவே வந்து சேர்ந்தது. ஏற்கெனவே வரப்போகிறவரிடம் விளம்பரத்தைக் காட்டிவிட்டு, விளம்பரத்தால் வந்தார் என்று கணக்கு எழுதுவது எவ்வளவு எளிது என்பதை இந்தச் சோதனை பொருளியல் உலகுக்குக் காட்டியது.

தேடல் விளம்பரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1998-ல் கோடூ.காம் என்ற தளம் தேடல் சொற்களை ஏலத்தில் விட்டது. கூகுள் 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்ற விளம்பரச் சேவையைத் தொடங்கி, 2002-ல் ஏலத்தோடு விளம்பரத்தின் பொருத்தத்தையும் சேர்த்து வரிசைப்படுத்தியது. ‘மோட்டார் பம்பு’ என்று தேடுகிறவருக்கு மோட்டார் பம்பு விளம்பரம். அவர் யார், நேற்று என்ன படித்தார் என்பது இதற்கு அவசியமே இல்லை. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் 2024 கணக்கைப் பாருங்கள். விளம்பர வருமானம் சுமார் 26,500 கோடி டாலர். அதில் தேடல் மட்டும் சுமார் 19,800 கோடி. பிறருடைய தளங்களில் விளம்பரம் வைப்பதால் வந்தது சுமார் 3,000 கோடி. தேடலிலும் இன்று பயனரின் வரலாற்றைப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அந்தத் தொழிலின் அடித்தளம் கேட்ட கேள்விக்கேற்ற விளம்பரம்தான். உலகத்தின் எல்லாத் தளங்களிலும் ஆளைப் பின்தொடரும் அந்தப் பெரும் ஏற்பாடு, அதைக் கட்டிய நிறுவனத்துக்கே விளம்பர வருமானத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான். இதழ்களுக்கோ அதுவே வாழ்வு சாவு. இந்தச் சமமின்மையை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அடுத்தவர் நிரல்

நிரலாளராக என் மிகப் பெரிய எதிர்ப்பு வேறொன்று. ஒரு பக்கத்தில் வெளியாள் எழுதிய ஸ்கிரிப்டைச் சேர்த்தால், அது அந்தப் பக்கத்தின் சொந்த நிரலுக்குரிய எல்லா உரிமையோடும் ஓடும். படிவத்தில் தட்டச்சு செய்வதைப் படிக்கலாம், பக்கத்தை மாற்றலாம், வெளியே அனுப்பலாம். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, கூடத்தோடு நின்றுகொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்வதுதான் இது. இப்போது இந்த ஸ்கிரிப்டுகளை நிரலாளர்கூடச் சேர்ப்பதில்லை. டேக் மேனேஜர் என்ற கருவி வழியாகச் சந்தைப்படுத்தும் துறையினர், எந்தச் சோதனையும் இல்லாமல் நேரே ஓடும் தளத்தில் சேர்த்துவிட முடிகிறது. வேறெந்தப் பொறியியல் துறையிலும் இப்படி ஒரு வழக்கத்தை அனுமதிப்பார்களா?

விளைவுகள் கண்முன் இருக்கின்றன. நிகழ்ச்சிகளுக்கு நுழைவுச்சீட்டு விற்கும் டிக்கெட்மாஸ்டரின் கட்டணப் பக்கத்தில் வேறொரு நிறுவனத்தின் உரையாடல் ஸ்கிரிப்டைச் சேர்த்திருந்தார்கள். 2018-ல் அதற்குள் திருடர்கள் நுழைந்து வாடிக்கையாளர்களின் அட்டை விவரங்களை எடுத்தார்கள். 2020-ல் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 12.5 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. 2022-ல் தி மார்க்அப் இதழ் அமெரிக்காவின் 100 முன்னணி மருத்துவமனைகளின் தளங்களைச் சோதித்தபோது 33-ல் மெட்டாவின் டிராக்கர், அதாவது பின்தொடரும் நிரல், இருந்தது. நோயாளி மருத்துவரின் பெயரைத் தேர்ந்தெடுத்து நேரம் வாங்கும் பொத்தானை அழுத்தியதும் அந்த விவரம் ஃபேஸ்புக்குக்குப் போயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., தேடல் விளம்பரங்கள் வழியாக மோசடி நடப்பதால் விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று மக்களுக்கு அறிவுறுத்தியது. ஒரு தொழிலின் சரக்கைத் தடுக்கச் சொல்லி அரசின் புலனாய்வு அமைப்பே சொல்லும் நிலை அது.

அந்தத் தடுப்பான்களும் மாற்றத்துக்கு உள்ளாயின. ரேமண்ட் ஹில் 2014-ல் தொடங்கிய யூபிளாக் ஒரிஜின், காசு வாங்காமல், நன்கொடையும் ஏற்காமல் எழுதப்பட்ட ஒரு மென்பொருள்; என் பார்வையில் இந்தத் தலைமுறையின் மிகச் சிறந்த பொதுப்பணி. குரோம் பிரவுசர் தன் நீட்சிகளுக்கான விதிகளை மேனிஃபெஸ்ட் வி3 என்ற பெயரில் மாற்றியது. பாதுகாப்புக்காக என்பது கூகுளின் விளக்கம். நீட்சிகளுக்கு அளவற்ற அதிகாரம் இருப்பது ஆபத்து என்பதில் நியாயமும் உண்டு. ஆனால் 2024-ல் பழைய முறையை நிறுத்தத் தொடங்கியதும் யூபிளாக் ஒரிஜினின் முழு வடிவம் குரோமில் ஓட வழியில்லாமல் போயிற்று. விளம்பரம் விற்கும் நிறுவனமே பிரவுசரையும் வைத்திருக்கும்வரை இப்படிப்பட்ட முடிவு எதையும் சந்தேகமின்றி ஏற்பது கடினம். மூன்றாம் தரப்பு குக்கீயின் கதையும் அப்படியே. சஃபாரி 2020-ல் முழுவதும் தடுத்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் அதற்கு முன்பே டிராக்கர்களின் குக்கீகளைத் தடுக்கத் தொடங்கியிருந்தது. குரோம் 2020 ஜனவரியில் இரண்டே ஆண்டில் நீக்குவோம் என்று அறிவித்து, பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் திட்டத்தைக் கைவிட்டது. குக்கீயை நீக்கினால் மற்ற விளம்பர நிறுவனங்கள் குருடாகி கூகுள் மட்டும் பார்வையோடு இருக்கும் என்ற கவலையை பிரிட்டனின் போட்டி ஆணையம் எழுப்பியதும் தாமதத்துக்கு ஒரு காரணம். தனியுரிமையும் போட்டியும் ஒன்றையொன்று இழுக்கும் இந்தச் சிக்கல், ஒரே நிறுவனம் எல்லா முனையிலும் நிற்பதால் வந்தது. வர்ஜீனியாவில் நீதிபதி லியோனி பிரிங்கெமா 2025 ஏப்ரல் 17 அன்று அளித்த தீர்ப்பும் அதைத்தான் பேசியது. இதழ்கள் பயன்படுத்தும் விளம்பர சர்வரிலும் விளம்பரச் சந்தையிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தை நிலைநாட்டியது என்றார். விற்பவரின் முகவரும் சந்தையின் உரிமையாளரும் ஒருவராகவே இருந்திருக்கிறார்கள்.

காசு கொடுத்து வாங்கினால் தப்பிக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. விசியோ என்ற தொலைக்காட்சிப் பெட்டி நிறுவனம், வாங்கியவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதைத் தெரிவிக்காமல் பதிவுசெய்ததற்காக 2017-ல் அமெரிக்க அரசுக்கும் நியூஜெர்சி மாநிலத்துக்கும் 22 லட்சம் டாலர் கட்டியது. 2021-ல் அதே நிறுவனத்துக்குத் தொலைக்காட்சிப் பெட்டி விற்றதைவிட விளம்பரத்தையும் தரவையும் சார்ந்த பிரிவில்தான் கூடுதல் மொத்த லாபம். பெட்டிக்கு முழு விலை கொடுத்தவரும் பின்தொடரப்பட்டார். இலவசத்துக்கான விலைதான் கண்காணிப்பு என்ற வாதம் இதோடு தளர்ந்துபோகிறது.

சட்டங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஐரோப்பியச் சட்டம் ஒப்புதல் கேட்கச் சொன்னது. தொழில்துறை ‘ஏற்கிறேன்’ பொத்தானைப் பெரிதாக்கி மறுப்பைப் பல திரைகளுக்குப் பின்னால் வைத்தது. மறுப்பது ஏற்பதைப்போல் எளிதாக இல்லை என்பதற்காக பிரான்ஸ் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்த பிறகே நிலைமை சற்று மாறியது. இந்தியாவில் ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிரான வழிகாட்டு நெறிகள் 2023 நவம்பரில் வந்தன. அதே ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒப்புதல் கேட்டு மக்களைக் களைப்படையச் செய்வதைவிட, 1997-ல் சொன்னபடி டீஃபால்ட்டை மாற்றுவதே நேரான வழி என்று நினைக்கிறேன். ஆப்பிளின் ஒரே ஒரு கேள்வி சாதித்தது ஆயிரம் ஒப்புதல் பெட்டிகள் சாதிக்காதது.

தமிழ் இதழ்களுக்கு

பிறர் தளங்களில் விளம்பரம் வைக்கும் கூகுளின் ஆட்சென்ஸ் சேவை 2018 பிப்ரவரியில்தான் தமிழை ஏற்றது. அதுவரை தமிழில் எழுதிய தளங்கள் இந்தச் சந்தைக்கு வெளியே நின்றன. உள்ளே வந்த பிறகும், ஏலத்தில் விலை பேசப்படுவது வாசகரின் அடையாளம். அவரை ஒரு தமிழ்ச் சிறுகதையின் பக்கத்தில் பிடித்தாலும் கிரிக்கெட் ஸ்கோர் பக்கத்தில் பிடித்தாலும் விளம்பரதாரருக்கு ஒன்றுதான். எங்கே மலிவோ அங்கே பிடிப்பார். பல மாதம் உழைத்து எழுதிய கட்டுரைக்கும் அவசரமாக ஒட்டிய செய்திக்கும் வேறுபாடு தெரியாத சந்தையில், நல்ல பக்கத்தை உருவாக்கியவருக்கு அந்த நன்மைக்கான விலை கிடைப்பதில்லை. இந்தச் சந்தையில் சிறு இடமே உள்ள மொழியின் இதழ்களுக்கு, இடத்தை விற்பதுதான் தங்கள் மதிப்பைத் தாங்களே சொல்லிக்கொள்ளும் வழி.

நம் பக்கத்திலேயே ஒரு முன்னுதாரணமும் இருக்கிறது. சென்னையையும் தென்காசியையும் தளமாகக் கொண்ட ஸோஹோ, விளம்பர வருமானத்தை நம்பாமல் மென்பொருள் விற்றே உலகளாவிய மென்பொருள் நிறுவனமாக வளர்ந்தது. தன் தளங்களிலிருந்து மூன்றாம் தரப்பு டிராக்கர்களையும் நீக்கியது. இதழ் நடத்துவதும் வணிக மென்பொருள் விற்பதும் ஒன்றல்ல. ஆனால் டிராக்கர் இல்லாமல் தளம் நடத்துவது தொழில்நுட்பரீதியாகக் கடினம் என்ற சாக்கு நமக்கு இல்லை.

உண்மையில் தேவைப்படும் நிரல் மிகக் குறைவு. விளம்பரப் படம் இதழின் சொந்த சர்வரில் இருக்கட்டும். அதோடு ஓர் இணைப்பு. எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பதை சர்வரின் பதிவேடே சொல்லிவிடும். புத்தக மதிப்புரைப் பக்கத்தில் பதிப்பகத்தின் விளம்பரம், வேளாண் கட்டுரையில் விதைக் கடையின் விளம்பரம், ஊர்ச் செய்தியில் அந்த ஊர்த் துணிக்கடையின் விளம்பரம் என்று பொருளுக்கேற்ப மாற்றித் தரும் நிரலை ஓர் அனுபவமுள்ள நிரலாளர் ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். வெளி ஸ்கிரிப்ட் எதுவும் ஓடக் கூடாது என்று பக்கத்தின் பாதுகாப்புக் கொள்கையிலேயே எழுதிவைக்கலாம். இன்றைய முக்கிய பிரவுசர்கள் அதை மதிக்கின்றன. பக்கமும் மலிவு போனில், பலவீனமான சிக்னலில், உடனே திறக்கும்.

கடினமான பகுதி நிரல் அல்ல. கடைக்காரரிடம் போய்ப் பேசி, இதழ் எந்த ஊர்களில் படிக்கப்படுகிறது என்று காட்டி, மாதக் கட்டணம் பேசி, அடுத்த மாதம் கணக்கோடு மறுபடியும் போக ஓர் ஆள் வேண்டும். ஏல இயந்திரம் எடுத்துக்கொண்டது அந்த ஆளின் வேலையை. அதற்குக் கூலியாக, மேலே சொன்ன பிரிட்டிஷ் ஆய்வின்படி, ஒவ்வொரு பவுண்டிலும் ஏறத்தாழ பாதியை வாங்கிக்கொண்டது. ஐந்தாறு சிறு இதழ்கள் சேர்ந்து அப்படி ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டால், அந்தப் பாதியிலிருந்தே அவர் சம்பளத்தைக் கொடுத்துவிட முடியும் என்பது என் கணிப்பு. அவருக்கு வேண்டிய மென்பொருளை எழுதித் தர என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம்.